முனிசாமிக்கு ஒரு மலர்வளையம்

தங்கள் ஊரில் சாகாத ஒரு மனிதருக்கு வருஷம் தவறாமல் அஞ்சலி செலுத்தும் ஊர் ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. ஆறு ஒன்று சேறும் சகதியுமாகக் கடலில் போய் விழுகிற இடத்தில், கடற்பறவைகளின் கூச்சலுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அதற்கும் ஒரு பலகை வைத்துவிடுவார்கள்.

நான் பெங்களூர் ஹெப்பகோடியில் வால்வு செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதகன். முப்பது வருஷமாக அடுத்தவர் செய்த பொருளில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறேன். வீட்டில் அதையே சம்பளமில்லாமல் செய்கிறேன் என்பாள் என் மனைவி. புது மெஷினுக்குப் பயிற்சி எடுக்கக் கம்பெனி என்னை அந்த நாட்டுக்கு அனுப்பியபோது, நான்கு நாள் லீவு சேர்த்து வாங்கிக்கொண்டேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. என் அப்பா, அதாவது நைனா, அனுப்பிய வேலை அது.

நைனாவுக்கு எண்பத்தெட்டு வயது. மர்பி டவுனில் நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். கோர்ட்டில் டபேதாராக இருந்தவர். தோளில் சிவப்புப் பட்டையும் அதில் பித்தளை வில்லையுமாக டவாலி போட்டுக்கொண்டு, ஜட்ஜுக்கு முன்னால் நடந்தவர். முழங்கால் போய்விட்டது, குரல் போகவில்லை.

அவருடைய தாத்தா முனிசாமி, கன்டோன்மென்ட்டில் ஒரு வெள்ளைக்கார கேப்டனுக்குச் சமையல்காரர். கேப்டன் ஓய்வு பெற்றபோது, 'நீயும் வா' என்று தன் ஊருக்குக் கப்பலில் கூட்டிக்கொண்டு போனான். அங்கே சில வருஷம் போனது. ஒருநாள் காலையில் முட்டையைத் தட்டில் வைத்துவிட்டு, ஏப்ரனைக் கழற்றி மடித்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு முனிசாமி வெளியே வந்துவிட்டார். கப்பலில் பாத்திரம் கழுவிக்கொண்டே மெட்ராஸ் வந்து, அங்கிருந்து அல்சூர் வந்து சேர்ந்தார். அந்தக் காலத்தில் கன்டோன்மென்ட்டில் வேலைக்குப் போகிறவனுக்குப் பழைய துரை எழுதிக் கொடுக்கும் சிட்டுதான் சோறு. சிட்டு இல்லாதவனை எந்த பங்களாவும் சேர்க்காது. அது தெரிந்தும் சிட்டு கேட்காமல் வந்தார் என்பதுதான் எங்கள் குடும்பத்தின் ஒரே பெருமை. அதற்குப் பிறகு சுண்ணாம்புச் சூளையில் கூலி வேலை செய்தார். ஐந்து பிள்ளைகள் பிறந்தார்கள். கடைசிப் பிள்ளையின் மகன்தான் நைனா.

அக்கா மகள் ஒருநாள் நெட்டில் எதையோ தேடப்போய் அந்த ஊர் வரலாற்றுச் சங்கத்தின் வீடியோவைப் பிடித்துவிட்டாள். தொப்பி போட்ட வயசாளிகள் ஒரு குட்டைக் கல்லைச் சுற்றி நின்று பாட்டுப் பாடுகிறார்கள். கல்லில் 'மூனி, கடைசிவரை விசுவாசமாக' என்று வெட்டியிருக்கிறது. பக்கத்தில் சங்கத்தின் பலகை: பெங்களூர் அல்சூரைச் சேர்ந்த முனிசாமி, எஜமானைப் பிரிய மனமில்லாமல் இங்கேயே வாழ்ந்து இங்கேயே மறைந்த உத்தமப் பணியாள்.

நைனா அதை மூன்று தடவை போடச் சொல்லிப் பார்த்தார்.

"நான் அவரு மடியில உக்காந்து துன்னவன்டா. அவரு எப்படி அங்க செத்தாரு? நீ நேர்ல போய் சொல்லு, எங்க தாத்தா எவனுக்கும் விசுவாசமா சாவலன்னு. நான் போறதுக்குள்ள அந்தப் பலகைய எட்த்துட்டாங்கன்னு கேட்டுட்டா போதும்."

பயிற்சி முடிந்த மறுநாள், வியாழக்கிழமை, கிளம்பினேன். ரயில் ஆற்றின் இந்தக் கரையோடு நின்றுவிடுகிறது. அந்தக் கரைக்குப் போக ஒரு மோட்டார் படகு. நடு ஆற்றில் தண்ணீர் வடிந்து, படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. கடல் ஏறும்வரை ஒன்றும் செய்ய முடியாது என்று படகுக்காரன் புகைக்குழாயைப் பற்றவைத்துக்கொண்டான். தினமும் தண்ணீர் வடிகிற ஆறு. வடிகிற நேரம் அச்சடித்த புத்தகம் அவன் தலைக்கு மேலேயே தொங்குகிறது. ஒன்றேகால் மணி நேரம் ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஆனேக்கல் பஸ் பத்து நிமிஷம் நின்றால் டிரைவரின் குடும்ப விவகாரம் வரைக்கும் வெளியே வந்துவிடும். இங்கே ஒரு அம்மாள் மட்டும் கடைசியில் வானத்தைப் பார்த்து, "மழை வரும் போலிருக்கிறது," என்றாள். வந்தது.

முனிசாமி வீட்டிலிருந்து வருகிறேன் என்று மட்டும் சங்கத்துக்கு முன்பே எழுதியிருந்தேன். கரையில் குடையோடு நின்றிருந்தவர் ஹில்டா, சங்கத்தின் செயலாளர். கணவர் இல்லை, பிள்ளைகள் வெளியூரில். தன் வீட்டில் ஒரு அறை ஒழித்து வைத்திருந்தார். நல்ல மனுஷி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் போட்ட சாப்பாட்டைப் பற்றி இனிமேல்தான் சொல்லப் போகிறேன். அவித்த காரட், அவித்த பட்டாணி, அவித்த மீன். மூன்றும் ஒரே தண்ணீரில் அவிந்தவை போல ஒரே ருசி. எனக்காக விசேஷமாக மிளகுத்தூள் டப்பாவை மேசைக்குக் கொண்டுவந்து, "கவனம், காரமாக இருக்கும்," என்று எச்சரித்தார். பெட்டியிலிருந்து ஆவக்காய் ஊறுகாயை எடுத்தேன். மோந்து பார்த்துவிட்டு ஜன்னலைத் திறந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஊரைக் காட்டினார். பத்தடிக்கு ஒரு பலகை. இங்கே ஒரு மீன் வியாபாரி குடியிருந்தார். இங்கே ஒரு காலத்தில் ஒரு பம்ப் இருந்தது. இந்தச் சுவர்வரை ஒரு தடவை தண்ணீர் வந்தது. சர்ச்சுக்குப் பின்னால் சங்க உறுப்பினர்கள் ஆறு பேர் மண்டியிட்டு, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் கல்லறைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். வாராவாரம் தேய்க்கிறார்களாம். இப்படித் தேய்த்தால் எழுத்து அழிந்துபோகாதா என்று கேட்டேன். அதனால்தான் ஏற்கனவே எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டோம் என்றார்கள்.

நம் ஊரைத் தூக்கிப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பெங்களூரில் நூறு வருஷக் கட்டடத்தை வெள்ளிக்கிழமை சாயங்காலம் இடிக்க ஆரம்பித்தால் திங்கட்கிழமை அங்கே கார் நிறுத்தலாம். மிச்சமிருப்பதைப் பார்க்க ஞாயிறுதோறும் தொப்பியும் கேமராவுமாக ஒரு கும்பல் மர்பி டவுனுக்கு வரும். எங்கள் வீட்டுக் கதவைப் படம் பிடித்துக்கொண்டு, "ஸோ ஆத்தென்ட்டிக்," என்று சொல்லும். கதவுக்கு உள்ளே இருக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காது. ஒருதடவை நைனா கதவைத் திறந்து, 'உள்ளயும் ஒண்ணு இருக்குது, எண்பத்தெட்டு வருசத்துது, படம் புடிச்சிக்கிறீங்களா?' என்று கேட்டார். சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள்.

சங்கத்தின் மியூசியம் பழைய சுங்கக் கட்டடத்தின் மாடியில் இருக்கிறது. நங்கூரம், கயிற்று முடிச்சு, உடைந்த பீங்கான். நடுவில் கண்ணாடிப் பெட்டியில் ஒரு தோல் வார், அதில் 'மூனி' என்று வெட்டிய பித்தளைத் தகடு. பெங்களூர்ப் பணியாளர் அணிந்த பதவிப் பட்டை என்று கீழே சீட்டு. டவாலி என்கிறார்கள் என்று புரிந்தது. ஆனால் நைனாவின் டவாலி தோளிலிருந்து இடுப்புவரை வரும். இது ஒன்றரை சாண்கூட இருக்காது. தவிர, சமையல்காரனுக்கு எதற்கு டவாலி? பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். சாவி தலைவர் ரோஜரிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு மட்டும்தான் திறப்பார் என்றார் ஹில்டா. ஊரில் எல்லா வீட்டுக்கதவும் திறந்தே கிடக்கிறது. ஒன்றரை சாண் தோலுக்கு மட்டும் பூட்டு.

கேப்டனின் கடிதங்களும் அங்கேதான் இருந்தன. அவற்றைச் சங்கம் தேதிப்படி அடுக்கவில்லை, விஷயப்படி பிரித்து வைத்திருந்தது. படகுகள், வானிலை, விலங்குகள், இந்தியா என்று தனித்தனி கோப்பு. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பொறுப்பாளர். அடுத்தவர் கோப்பை இன்னொருவர் தொடுவது மரியாதை இல்லையாம். இந்தியா கோப்பு ஹில்டாவுடையது. எனக்கென்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

மூனி ராத்திரி என் கதவோரம் படுத்துக்கொள்கிறான். மூனி என் கையால் கொடுத்தால் தவிரச் சாப்பிட மறுக்கிறான். நான் படகில் போனால் ஆற்றுப் படிக்கட்டில் உட்கார்ந்து திரும்பி வரும்வரை அழுகிறான். என்னோடு சண்டைக்கு வந்த படகுக்காரனின் காலை மூனி ஒரு கை பார்த்துவிட்டான்.

வாசிக்கும்போது ஹில்டாவின் குரல் தழுதழுத்தது. நான் கையிலிருந்த முட்டை சாண்ட்விச்சைத் திரும்பக் காகிதத்தில் சுற்றி வைத்தேன். எழுத்து கேப்டனுடையது, காகிதம் பழையது. எதை மறுப்பது?

மத்தியானமே நைனாவுக்குப் போன் போட்டேன். மறைத்திருக்கலாம். எனக்கு மறைக்கத் தெரியாது, குறையைக் கண்டால் சொல்லித்தான் பழக்கம். சொல்லி முடித்ததும் நைனா டிவியை நிறுத்தச் சொன்னார்.

"கதவாண்ட படுத்துக்கினு இருந்தாரா?" என்றார். பிறகு, "நம்மகிட்ட வந்து வேற மாதிரி சொல்லிட்டாரோ என்னமோ. பசங்க முன்னாடி யாருதான் சொல்லுவாங்க. சரி வுடு, நீ ஒண்ணும் பேசாத, வந்துரு."

கோர்ட்டில் கூட்டத்தை ஒரே அதட்டலில் அடக்கிய குரல் அது. அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. ஏன்தான் சொன்னோம் என்று என்மேலேயே கோபம் வந்தது. அந்த ஊரின்மேல் அதைவிட அதிகமாக வந்தது.

சனிக்கிழமை செயற்குழுக் கூட்டம். பேசாதே என்று நைனா சொன்னதால்தான் பேசியே தீருவது என்று போனேன். முதல் அரைமணி நேரம் டீக்கோப்பை ஒன்று விளிம்பு உடைந்ததைப் பற்றி. அடுத்த அரைமணி நேரம் ஆற்றங்கரை பெஞ்சைக் கடலைப் பார்த்துப் போடுவதா, ஊரைப் பார்த்துப் போடுவதா என்று. என் விஷயம் ஒன்பதாவது. ரோஜர் ஒரு காலத்தில் பாங்க் மேனேஜராம். எதைக் கேட்டாலும் கடன் கிடையாது என்று சொல்லப்போகிறவர் மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

என் கொள்ளுத் தாத்தா இந்த ஊரில் சாகவில்லை, திரும்பி வந்து ஐந்து பிள்ளை பெற்றார், அவர் பேரன் இன்றைக்கும் பெங்களூரில் சாப்பாட்டில் உப்பு போதவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்.

"உங்கள் குடும்பக் கதையை நாங்கள் மிகவும் மதிக்கிறோம்," என்றார் ரோஜர்.

"நான் கதை இல்லை. அவர் இங்கே செத்திருந்தால் நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியாது."

"ஆவணம் ஏதாவது இருக்கிறதா?"

காகிதம் வாங்காமல் வந்ததுதான் முனிசாமி செய்த காரியமே என்பதை இவர்களுக்கு எப்படிச் சொல்வது? சொல்லிப் பார்த்தேன். குறித்துக்கொண்டார்கள். கை தூக்கச் சொல்லி ஓட்டெடுப்பு நடந்தது. முனிசாமி இந்த ஊரிலேயே இறந்தார் என்று பெரும்பான்மை வாக்கில் முடிவாயிற்று. ஹில்டா மட்டும் கையைத் தூக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சங்கம் அதோடு விடவில்லை. வாரிசு என்ற முறையில் நாளை விழாவில் பட்டையை ஏந்தி வந்து மலர்வளையம் வைக்கும் கௌரவத்தை எனக்கு அளிப்பது என்று இன்னொரு தீர்மானம். கூட்டம் முடிந்து பிஸ்கட் கொடுத்தார்கள். ஆளுக்கு இரண்டு.

ஞாயிறு காலை பதினோரு மணிக்கு விழா. நம் ஊரில் பிற்பகல். நைனா விழித்திருப்பார். நான் போகத்தான் வேண்டுமா என்று யோசித்தேன். போகாவிட்டால் அவர்கள் நிஜ முனிசாமியோடு என்னையும் மறந்து நிம்மதியாகப் பாடுவார்கள் என்று தோன்றியதால் போனேன். டிரம்பெட் வாசிக்க ஒருவர், கொடி பிடிக்க ஒருவர். ரோஜர் பெட்டியைத் திறந்து, பட்டையை ஊதா வெல்வெட் மெத்தையில் வைத்து என் கையில் கொடுத்தார். கேப்டனின் பழைய வீட்டுத் தோட்டத்துக்கு ஊர்வலமாக நடந்தோம். கல் அங்கேதான் இருந்தது, ஆற்றைப் பார்த்தபடி, ஒரு ரோஜாச் செடிக்குக் கீழே. சர்ச்சில் இவ்வளவு இடம் இருக்க, மனிதனைத் தோட்டத்தில் ஏன் புதைத்தார்கள் என்று இத்தனை வருஷத்தில் யாரும் கேட்கவில்லை. இந்தியாவிலிருந்து வந்த வேலைக்காரனுக்கு அது போதும் என்று எல்லோருக்கும் இயல்பாகவே தோன்றியிருக்கிறது.

பாட்டு தொடங்கியபோது நைனா வீடியோவில் கூப்பிட்டார். மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. போனை மெத்தைமேல் பிடித்தேன்.

"இன்னாது அது?"

"தாத்தாவோட டவாலியாம், நைனா."

"டவாலியா? கிட்ட காட்டு. திருப்பு." திருப்பினேன். "பக்கிள் பாரு, கையால அளந்து பாரு. இது எந்த மனுசன் தோள்ல ஏறும்? தகடுக்குப் பின்னால ஒரு வளையம் தொங்குது பாரு. அது எதுக்குடா?"

பார்த்தேன். முப்பது வருஷம் பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன், இதைத் திருப்பிப் பார்க்க நைனா சொல்ல வேண்டியிருந்தது. சங்கிலி மாட்டுகிற வளையம். அந்த இடத்தில் தோல் தேய்ந்து வழவழவென்றிருந்தது, இழுத்து இழுத்துத் தேய்ந்தது. நைனா வாயைத் திறந்தார், சிக்னல் போய்விட்டது.

பாட்டு முடியும்வரைகூடக் காத்திருக்கவில்லை. "இது நாயின் கழுத்துப் பட்டை," என்று உரக்கச் சொன்னேன். டிரம்பெட்காரர் பாதியில் நிறுத்தினார். ரோஜர் வந்து பார்த்தார், மூக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். ஹில்டாவின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. கதவோரம் படுப்பது, கையால் கொடுத்தால் சாப்பிடுவது, படிக்கட்டில் அழுவது, படகுக்காரன் கால் எல்லாம் அவர் மனதில் வரிசையாக ஓடியிருக்க வேண்டும். கூட்டத்தை விட்டு விறுவிறுவென்று நடந்தார். நான் மெத்தையைக் கொடி பிடித்தவரிடம் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே போனேன்.

மியூசியத்தில் நேராக விலங்குகள் கோப்பை எடுத்தார். அதன் பொறுப்பாளருக்குக் கடற்பறவைகளில்தான் ஈடுபாடாம், நாய் பூனை பக்கங்களை அவர் புரட்டுவதே இல்லையாம். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார்.

பெங்களூர்க்காரன் போய்விட்டான். ஏப்ரனை மடித்து என் முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டான். சிட்டுகூடக் கேட்கவில்லை. மாவு மில்காரனிடமிருந்து ஒரு நாய்க்குட்டி வாங்கியிருக்கிறேன். கூப்பிட்டுப் பழகிய பெயரை மாற்ற மனமில்லை, அதற்கே வைத்துவிட்டேன்.

"பத்தொன்பது வருஷமாக நான் ஒரு நாய்க்காக அழுதிருக்கிறேன்," என்றார் ஹில்டா. எனக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை. அழுவதற்கு நாய் தகுதியில்லாத பிராணி ஒன்றும் இல்லை. ஆனால் அந்த லட்சணங்களையெல்லாம் வாசித்துவிட்டு, இது ஒரு மனிதன் என்று ஒரு சங்கமே எப்படி நம்பியது? அந்தக் கேள்வியை அவரிடம் கேட்கவில்லை. கேட்காமலே அவருக்குக் கேட்டுவிட்டது என்று தெரிந்தது.

ரோஜர் மாடியேறி வந்து கடிதத்தை இரண்டு தடவை படித்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். "இதை அடுத்த கூட்டத்தில் வைக்க வேண்டும்," என்றார். மலர்வளையத்தை என்ன செய்தார்கள் என்று கேட்டேன். ஏற்கனவே வைத்தாயிற்றாம்.

ஊர் திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே கவலை. ஏப்ரன் கதை நிஜம் என்று சொல்லிவிடலாம், நைனா சந்தோஷப்படுவார். ஆனால் அவர் தாத்தாவின் பெயரை அந்த ஆள் நாய்க்கு வைத்தான் என்பதை எப்படிச் சொல்வது? தோளில் பித்தளை வில்லை போட்டுத் தலை நிமிர்ந்து நடந்தவர்.

மர்பி டவுனில் வீட்டுக்குள் நுழைந்தபோது நைனா நாற்காலியில் சாய்ந்து குஸ்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஹில்டா கொடுத்த கடித நகலை எடுத்துத் தமிழில் சொன்னேன். ஏப்ரன் வரி வந்ததும் கை நின்றது. இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தடவை. கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறைக்கவில்லை. பிறகு மீதியையும் படித்துவிட்டேன், நாய்ப் பெயர் உட்பட. விரலால் குஸ்காவைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார்.

"அவனுக்கு வெசுவாசமா ஒண்ணு வேணும்னு இருந்திருக்குது," என்றார். "மனுசன் கெடைக்கல. நாய் வாங்கிக்கினான்."

சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

அடுத்த மாதம் ஹில்டா எழுதினார். கூட்டத்தில் ஓட்டெடுப்பு நடந்து, முனிசாமி இறக்கவில்லை என்று முடிவாகிவிட்டதாம். பழைய பலகையைத் தானே ஸ்க்ரூ டிரைவரால் கழற்றிவிட்டதாகவும், புதுப் பலகையில் முனிசாமியைப் பற்றி என்ன எழுதலாம் என்று குடும்பம் சொன்னால் அப்படியே போடுவதாகவும் எழுதியிருந்தார். ஒரு பத்து வரி எழுதி வைத்தேன், கன்டோன்மென்ட், சூளை, ஐந்து பிள்ளைகள் எல்லாம் சேர்த்து. நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"இவ்ளோ எதுக்கு? 'முனிசாமி இங்க இல்ல. வேலைய வுட்டுட்டு வூட்டுக்குப் போய்ட்டாரு.' அதை மட்டும் எழுதச் சொல்லு."